பழைய ஷெவர்லே சி10 பிக்கப்புக்கு வீட்டிலேயே பிரேக் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, வார இறுதியில் வீட்டு கராஜில் வைத்து வேலை பார்க்கும் நம் ஆட்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் பிரேக் பற்றித்தான். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே தொகுத்திருக்கிறேன். 1960 முதல் 1972 வரை வந்த அரை டன் ஷெவர்லே சி10, அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதிலும். அதே ஆண்டுகளின் ஜிஎம்சி அரை டன்னுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நாலு சக்கரமும் இழுக்கும் கே10க்கு முன் அச்சே வேறு. அதற்கு இதைப் பார்த்து உதிரி வாங்காதீர்கள்.

ஐம்பது வருஷம் டிரம் பிரேக்கிலேயே ஓடின வண்டிதானே, இப்போது எதற்கு டிஸ்க் பிரேக்குக்கு மாற்ற வேண்டும்?

ஒரே ஒரு முறை நிறுத்துவதென்றால், சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம் நன்றாகவே நிறுத்தும். சிக்கல் அடுத்தடுத்துப் பிரேக் பிடிக்கும்போது வருகிறது. டிரம்முக்குள் உண்டாகும் சூடு சீக்கிரம் வெளியேறாது. சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் பிடிப்பும் குறையும். நீண்ட இறக்கத்திலோ, பின்னால் டிரெய்லர் மாட்டியிருக்கும்போதோ, ஒவ்வொரு மிதிக்கும் பெடல் இன்னும் கொஞ்சம் கீழே போகும். மழைநீர் உள்ளே புகுந்தால் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் வண்டி இழுக்கும். டிஸ்க் என்ற தட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் இந்த இரண்டு தொல்லையும் மிகக் குறைவு.

உங்களுக்கு முன்னால் போகும் இன்றைய கார்கள் அந்தக் காலத்துக் கார்களைவிட மிகக் குறைந்த தூரத்தில் நின்றுவிடுகின்றன என்பதும் ஒரு காரணம். அவற்றின் பின்னால் நீங்களும் நின்றாக வேண்டும்.

என் வண்டியில் இப்போது எந்தப் பிரேக் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் ஆண்டே சொல்லிவிடும். 1966 வரை நாலு சக்கரமும் டிரம், மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் பாகம்) ஒரே அறை. 1967 முதல் இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர், ஆனால் சக்கரங்களில் டிரம்தான். 1971 முதல் முன்சக்கரத்தில் டிஸ்க். சக்கரத்தைப் பார்த்தும் சொல்லலாம்: 1970 வரை ஆறு போல்ட், 1971 முதல் ஐந்து போல்ட்.

ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை கைகள் மாறியிருக்கும்! 1968 வண்டியில் 1975 வண்டியின் முன்பக்கம் முழுவதும் மாட்டியிருப்பதெல்லாம் சாதாரணம். எதையும் ஆர்டர் செய்யும் முன் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பாருங்கள், இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள்.

முழுவதும் மாற்றக் கையில் பணம் இல்லை. ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் எதைச் செய்வது?

உங்கள் வண்டி 1966 அல்லது அதற்கு முந்தையது என்றால் இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர்தான். டிஸ்க்கை விட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஒற்றை அறையில் எங்கே ஓர் இடத்தில் லீக் ஆனாலும், பின்பக்கம் துருப்பிடித்த ஒரு குழாயில் ஓட்டை விழுந்தாலும், நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டு அறை இருந்தால் முன்பக்கம் ஒரு சுற்று, பின்பக்கம் ஒரு சுற்று. ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். நாலு டிரம்மோடு ஓடிய 1967 முதல் 1970 வரையிலான வண்டிக்கான மாஸ்டர் சிலிண்டர் இதற்குப் பொருத்தமானது. குழாய்களை மட்டும் பிரித்துப் புதிதாக ஓட்ட வேண்டும்.

1967 அல்லது அதற்குப் பிந்தைய வண்டி என்றால் முதலில் ரப்பர் ஹோஸ்கள், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள், துருப்பிடித்த குழாய்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கும். அதை நம்பாதீர்கள்.

டிஸ்க் வேண்டாம், இருக்கும் டிரம்மையே ஒழுங்கு செய்தால் போதாதா?

ஊருக்குள் மட்டும் ஓட்டும் வண்டிக்குப் போதும். ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். டிரம்மில் அதன் அதிகபட்ச விட்டம் வார்த்தே எழுதியிருக்கும். தேய்ந்து அதைத் தாண்டியிருந்தால் கடைந்து பயன்படுத்தக் கூடாது. இரண்டு ஷூவும் ஒரே அளவு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை: லைனிங் குட்டையாக இருப்பது வண்டியின் முன்பக்கம் பார்த்து, நீளமானது பின்பக்கம் பார்த்து வர வேண்டும். இடப்பக்கத்து, வலப்பக்கத்து அட்ஜஸ்டர்களை மாற்றிப் போட்டால், தானே இறுக வேண்டியது தானே தளரும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகு மறுபக்கத்தைக் கழற்றுங்கள். சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும்.

இது வீட்டில் செய்கிற வேலையா? என்னென்ன கருவி வேண்டும்?

செய்யலாம். கீழே உறுதியான, சமமான கான்கிரீட் தரை வேண்டும். பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஜாக்கியில் தூக்கியதும் ஃபிரேமுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை கையால் தள்ளிப் பார்த்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் தலையை நீட்டாதீர்கள்.

சாதாரண ஸ்பானர் செட்டோடு மூன்று பொருள் கட்டாயம். குழாய் நட்டை முழுவதும் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ரெஞ்ச். சாதாரண ஸ்பானர் போட்டால் பழைய நட்டின் முனை மழுங்கி அதோடு குழாயும் போகும். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க டார்க் ரெஞ்ச். குழாய் முனையை இரட்டையாக மடிக்கும் 45 டிகிரி ஃபிளேர் கருவி. முன்சக்கர அமைப்பின் பந்து மூட்டான பால் ஜாயிண்ட்டைப் பிரிக்கும் கருவியை உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம். முன்சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங்கை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் கூட ஒருவர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொன்றுவிடும்.

டிரம்மைக் கழற்றினால் ஒரே கறுப்புத் தூசி. காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தூசியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டி அகற்றுங்கள். தகுந்த மாஸ்க் அணியுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அது நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும்.

பிரேக் கிளீனர் ஸ்பிரே பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குளோரின் கலந்த வகை அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தாலோ டார்ச்சால் சூடாக்கினாலோ ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். குளோரின் இல்லாத வகையை வாங்குங்கள். அதுவும் தீப்பற்றும், ஆகவே நெருப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கிட் வாங்குவது நல்லதா, பழைய வண்டியிலிருந்து கழற்றி எடுப்பது நல்லதா?

முதல் தடவை செய்கிறவருக்குக் கிட். ஸ்பிண்டில் (முன்சக்கரம் சுழலும் அச்சு), டிஸ்க், காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி), ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் (இன்ஜினின் வெற்றிடத்தால் மிதிக்கும் விசையைக் கூட்டுவது), வால்வு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில் வரும். பிரேக் என்பது தனித்தனி உதிரிகளின் கூட்டம் இல்லை. ஒன்றின் அளவு மாறினால் மற்றதெல்லாம் மாற வேண்டும். கிட்டுக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பொருத்தத்துக்குத்தான்.

1973 முதல் 1987 வரை வந்த அரை டன் வண்டிகளின் முன்பக்கத்தைக் கழற்றி மாட்டுவதும் நீண்ட காலமாக நடக்கும் வழி. மலிவு, பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பால் ஜாயிண்ட்டின் கூம்பும் ஸ்பிண்டிலின் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும், ஸ்டியரிங்கின் டை ராடு முனையும் அப்படியே. "இறுக்கினால் பிடித்துக்கொள்கிறது" என்பது பொருத்தம் ஆகாது. 1960 முதல் 1962 வரையிலான வண்டி வைத்திருப்பவர்கள் கிட் விற்பவரிடம் ஆண்டை அழுத்திச் சொல்லுங்கள்: அவற்றின் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்குப்பட்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் தண்டு), 1963 முதல்தான் சுருள் ஸ்பிரிங்.

டிஸ்க் போட்டால் என் ஆறு போல்ட் சக்கரங்களை எறிந்துவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆறு போல்ட், அவை அமையும் ஐந்தரை அங்குல வட்டத்துக்கான கிட்டும் உண்டு, ஐந்து போல்ட், ஐந்து அங்குல வட்டத்துக்கானதும் உண்டு. ஐந்து போல்ட் எடுத்தால் பின் அச்சையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஸ்டெப்னி எதற்குமே முழுசாக உதவாது. பார்க்க வேண்டிய இன்னொன்று சக்கரத்தின் உள் இடம்: பழைய 15 அங்குலச் சக்கரங்கள் சிலவற்றில் காலிப்பர் உரசும். மாட்டியதும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் டிஸ்க் மாட்டலாமா?

மாட்டக் கூடாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில், பெடலை விட்ட பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சிறு வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை, ஷூவின் ஸ்பிரிங் அதை எதிர்த்து ஷூவை இழுத்துக்கொள்ளும். காலிப்பரில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் கிடையாது. அந்த 10 பி.எஸ்.ஐ பேடை டிஸ்க்கோடு ஒட்டியே வைத்திருக்கும், கொஞ்ச தூரத்திலேயே சூடாகி நாறும்.

அறையின் அளவும் போதாது. பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து அங்கேயே நிற்கும், அந்த இடத்தை பிரேக் ஆயில் நிரப்பும். அதனால்தான் டிஸ்க்–டிரம் மாஸ்டர் சிலிண்டரில் ஓர் அறை பெரியதாக இருக்கிறது. பெரிய அறை டிஸ்க்குக்கு.

பூஸ்டர் கட்டாயமா? இல்லாமல் ஓட்ட முடியாதா?

முடியும், ஆனால் காலுக்கு வேலை அதிகம். டிரம்மில் சுழற்சியே ஷூவை டிரம்மோடு இழுத்து அழுத்திவிடும், நீங்கள் மிதிப்பதில் ஒரு பங்கை வண்டியே செய்கிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. பேடின் பிடிப்பு முழுவதும் குழாயின் அழுத்தத்தைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெடலை 100 பவுண்டு விசையோடு மிதிக்கிறீர்கள், பெடலின் நெம்புகோல் விகிதம் 6 மடங்கு என்றால் மாஸ்டர் சிலிண்டருக்கு 600 பவுண்டு போகிறது. சிலிண்டர் துளை ஒரு அங்குலமானால் அழுத்தம் சுமார் 764 பி.எஸ்.ஐ, ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குலமானால் சுமார் 604 தான். துளை சின்னதானால் அழுத்தம் கூடும், ஆனால் பெடல் அதிக தூரம் போகும். அதனால் பூஸ்டர் இல்லாமல் ஓட்டுபவர்கள் சின்னத் துளையும் 6 மடங்கு பெடலும் வைப்பார்கள். பூஸ்டர் வைத்தால் 4 மடங்கு அளவே போதும். சில பெடல்களில் தள்ளுகோல் மாட்ட இரண்டு துளை இருக்கும்: மேலே பெடலின் அச்சுக்கு அருகில் உள்ளதில் மாட்டினால் விகிதம் கூடும்.

என் யோசனை: அன்றாடம் ஓட்டும் வண்டி, வீட்டில் வேறு ஒருவரும் ஓட்டுவார் என்றால் பூஸ்டர் போட்டுவிடுங்கள்.

காம்பினேஷன் வால்வு என்று ஒரு பித்தளைக் கட்டி வந்தது. அது இல்லாமல் நேராகக் குழாயை இணைத்தால் என்ன?

அந்தக் கட்டிக்குள் மூன்று வேலை நடக்கிறது. பின் டிரம்மின் ஸ்பிரிங்குகள் இழுபட்டு ஷூ டிரம்மைத் தொடும்வரை முன் டிஸ்க்கைச் சற்றே தாமதப்படுத்துவது ஒன்று. பலமாக மிதிக்கும்போது பின்பக்கத்து அழுத்தம் அளவுக்கு மேல் ஏறாமல் குறைப்பது இன்னொன்று. ஒரு சுற்றில் அழுத்தம் போனால் டாஷ்போர்டு விளக்கை எரிய வைப்பது மூன்றாவது.

பிக்கப்புக்கு இரண்டாவது வேலை உயிர் போகிற விஷயம். பின்தொட்டி காலியாக இருக்கும்போது பின்சக்கரத்தின் மேல் எடையே இல்லை, பிரேக் பிடித்ததும் இருக்கும் எடையும் முன்னால் சாய்கிறது. அப்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் சுழன்று முன்னுக்கு வரும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகவாவது போகும். வால்வை விட்டுவிடாதீர்கள்.

பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் இன்னும் நல்லதுதானே?

பணம் செலவாகும் அளவுக்குப் பலன் இல்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. காலி பிக்கப்பில் பின்சக்கரம் இன்னும் குறைவாகவே செய்கிறது, மேலே சொன்ன காரணத்தால் அதைக் குறைத்துத்தான் வைக்கிறோம். டிரம்மில் ஹேண்ட் பிரேக் எளிமையாகவும் உறுதியாகவும் வேலை செய்யும். பின் டிஸ்க் கிட்டுகளில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் வருவதும் உண்டு, இருந்தாலும் அதன் அட்ஜஸ்ட்மெண்ட் தொல்லை. அந்தப் பணத்தில் பின்னால் புது டிரம், ஷூ, வீல் சிலிண்டர், ஸ்பிரிங் செட் எல்லாம் வாங்கிவிடலாம்.

வளைக்க எளிதாக இருக்கிறது, ஏசிக்குப் போடும் செம்புக் குழாயைப் போடலாமா?

போடக் கூடாது. வெறும் செம்பு அதிர்விலும் அழுத்தத்திலும் களைத்து விரிசல் விடும். வளைக்க எளிதான குழாய்தான் வேண்டுமென்றால் செம்பு–நிக்கல் கலவைக் குழாய் வாங்குங்கள். பிரேக்குக்கென்றே விற்கிறார்கள், துருவும் பிடிக்காது. இல்லையென்றால் பூச்சுப் போட்ட எஃகுக் குழாய். முனை எப்போதும் இரட்டை மடிப்பு ஃபிளேர்தான். நடுவில் குழாய் வெடித்த இடத்தை வெட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நெருக்கு இணைப்பைப் போட்டு ஒட்டுவது வேண்டவே வேண்டாம். நட்டை முதலில் குழாயில் நுழைத்துவிட்டு அப்புறம் ஃபிளேர் செய்யுங்கள். இது எல்லோரும் மறப்பது.

எந்த பிரேக் ஆயில் ஊற்றுவது? டாட் 5 தான் உயர்ந்தது என்கிறார்களே?

டாட் 3 அல்லது டாட் 4 வகை பிரேக் ஆயில் போதும். புதிதாகத் திறந்த டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஈரம் சேர்ந்த பிறகு இவை 140, 155 என்று இறங்கிவிடும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்பு இவற்றுக்கு உண்டு, அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சம் இருப்பதை ஊற்றாதீர்கள்.

டாட் 5 சிலிக்கோன். ஈரம் உறிஞ்சாது, பெயிண்டைக் கெடுக்காது, அதனால் காட்சிக்கு வைக்கும் வண்டிக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் டாட் 3, 4, 5.1 மூன்றோடும் கலக்கக் கூடாது, பெடலும் சற்று மெத்தென்று இருக்கும். டாட் 5.1 என்பது சிலிக்கோன் இல்லை, அது டாட் 3, 4 வகையறா. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டுப் போனாலும் எல்லா ரப்பர் சீலும் ஊதிப்போகும். அப்படி நடந்தால் ரப்பர் இருக்கும் பாகம் அத்தனையையும் மாற்ற வேண்டும்.

எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினாலும்) பெடல் பஞ்சு மாதிரியே இருக்கிறது. என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. முதலில் பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக மிதியுங்கள். பெடல் மேலே வந்து கெட்டியாகிறதா? அப்படியானால் காற்று இல்லை, பின் ஷூக்கள் டிரம்மிலிருந்து தள்ளி நிற்கின்றன. அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரத்தைச் சுற்றும்போது லேசாக உரசும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மேலே வந்தும் மெத்தென்றே இருந்தால் காற்றுதான்.

காற்று என்றால் அடுத்துக் காலிப்பரைப் பாருங்கள். ஏர் திருகு காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா? இடதும் வலதும் மாறிப் போயிருந்தால் திருகு கீழ்ப்பக்கம் வந்துவிடும், காற்று மேலேயே தங்கும், நீங்கள் ஒரு நாள் முழுக்க மிதித்தாலும் வராது. காலிப்பர்களை மாற்றி மாட்டினால் உடனே தீரும்.

அதுவும் சரியாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். புதியதை வண்டியில் மாட்டும் முன் வைஸில் சமமாகப் பிடித்து, வாயிலிருந்து சிறு குழாய்களை அறைக்கே திருப்பி விட்டு, குமிழி நிற்கும்வரை மெதுவாக அழுத்தி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டினால் உள்ளே தங்கும் காற்றைச் சக்கரத்திலிருந்து எடுப்பது மிகக் கடினம். அப்புறம் தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள்: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. அறையில் ஆயில் வற்றவே கூடாது. மிதிப்பவர் பெடலைப் பிடித்திருக்கும்போதே திருகை மூட வேண்டும். அழுத்தக் கருவியால் ஏர் எடுப்பவர்கள் காம்பினேஷன் வால்வின் முனையில் இருக்கும் சிறு பின்னைப் பிடித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் முன்பக்கத்துக்கு ஆயில் போகாது.

பெடல் கெட்டியாக, நல்ல உயரத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது?

பூஸ்டரை முதலில் சோதியுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைப் பல தடவை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஓடவிடுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ஹோஸ், ஒருவழி வால்வு, பிறகு பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜினில் 18 அங்குலப் பாதரச அளவு வெற்றிடமாவது இருப்பது நல்லது.

பூஸ்டர் நன்றாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் துளை மிகப் பெரியதா என்று பூஸ்டர் கேள்வியில் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். பேடில் கிரீஸ் பட்டிருந்தாலும், பேட் இன்னும் பழகாவிட்டாலும் இப்படித்தான் இருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் முன்சக்கரம் தானாகவே பிடித்துக்கொள்கிறது, சூடாகிறது. எங்கே தேடுவது?

பிடித்திருக்கும் நேரத்திலேயே தேடினால் பத்து நிமிட வேலை. மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் பூஸ்டரின் தள்ளுகோல் நீளம் அதிகம், அது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை முழுவதும் திரும்ப விடவில்லை. விடவில்லையா? மாஸ்டர் சிலிண்டர் வாயில் இருக்கும் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். இப்போது விட்டால் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மாஸ்டர் சிலிண்டரேதான், முன்பு சொன்ன 10 பி.எஸ்.ஐ வால்வாக இருக்கலாம். அதற்கும் விடாமல், காலிப்பர் திருகைத் திறந்ததும் விட்டால் இடையில் இருக்கும் வால்வோ ஹோஸோ அடைத்திருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்திருந்தால் அந்தப் பக்கத்து ஹோஸ்தான். ஊதிய ஹோஸ் ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது. எதற்குமே விடாவிட்டால் காலிப்பர் பிஸ்டன் அல்லது சறுக்கு பின்கள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன.

கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றிய இன்ஜின், வெற்றிடமே வருவதில்லை. பூஸ்டருக்கு என்ன வழி?

மின்சார வெற்றிடப் பம்பு ஒன்று வைக்கலாம். எனக்குப் பிடித்தது ஹைட்ரோபூஸ்ட்: பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தில் வேலை செய்யும், இன்ஜின் வெற்றிடம் தேவையில்லை, இடமும் குறைவாகவே பிடிக்கும். இன்ஜின் நின்றுபோனாலும் ஓரிரு தடவை பிடிக்க அதற்குள் சேமிப்பு இருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு அதையும் சேர்த்துப் போட வேண்டியிருப்பதால் செலவு ஏறும்.

என் நண்பரின் 1957 பிக்கப்பில் மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் தளத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் இதே முறையா?

ஒரு வித்தியாசம் உண்டு. மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரை விடத் தாழ்வாக இருப்பதால், பெடலை விட்டதும் ஆயில் காலிப்பரிலிருந்து கீழே வடிந்து வரும், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி வரை வெறுமனே போகும். அதைத் தடுக்க டிஸ்க் குழாயில் 2 பி.எஸ்.ஐ வால்வு ஒன்று போட வேண்டும். டிரம் குழாய்க்கு 10. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பது மேலே சொன்னதுதான். சி10இல் மாஸ்டர் சிலிண்டர் முன்சுவரில் உயரமாக இருப்பதால் இந்த 2 பி.எஸ்.ஐ வால்வு தேவையில்லை.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. எப்போது சாலைக்கு எடுக்கலாம்?

இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ லீக், அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளேயே கசிகிறது. இறங்காவிட்டால் ஒவ்வோர் இணைப்பையும் காகிதத் துண்டால் துடைத்து ஈரம் பாருங்கள். காலிப்பர் ஹோஸின் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட்டீர்களா என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முன்சக்கர பேரிங்கைச் சுற்றிக்கொண்டே 12 அடி–பவுண்டுக்கு இறுக்கி, தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி இறுக்கிப் புது காட்டர் பின் போடுங்கள். ஹேண்ட் பிரேக் சரிவில் வண்டியைத் தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு காலி இடத்தில், நடக்கும் வேகத்தில் முதல் சோதனை. அடுத்துப் பேடைப் பழக்குவது: பேட் தயாரித்தவர் தாள் கொடுத்திருந்தால் அதன்படி, இல்லையென்றால் மணிக்கு 30 மைலில் இருந்து 5 மைல் வரை மிதமாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டுப் பல தடவை. சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள், பேடின் பொருள் அந்த இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிப் பின்னால் நடுக்கம் வரும்.

காலி வண்டியில், மழையில், பின்சக்கரம் முதலில் வழுக்குகிறது. வால்வு போட்டும் ஏன்?

கிட்டில் வந்த காம்பினேஷன் வால்வு ஒரு பொதுவான அளவுக்குச் செய்தது. நீங்கள் பின்னால் அகல டயரோ, உயரம் குறைத்த ஸ்பிரிங்கோ போட்டிருந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. முதலில் பின் ஷூவில் ஆயில் கசிவு இல்லை, இரு பக்கமும் ஒரே அளவில் அட்ஜஸ்ட் ஆகியிருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். கசிந்த ஷூ சில நேரம் சரியான ஷூவை விட அதிகமாகப் பிடித்து இழுக்கும்.

அப்புறமும் வழுக்கினால், பின் குழாயில் கையால் திருகும் அழுத்த வால்வு போடலாம். காம்பினேஷன் வால்வுக்குள் இருக்கும் பின்பக்க அழுத்தக் குறைப்பு அதற்கும் முன்னால் வேலை செய்துகொண்டிருந்தால் இரண்டு குறைப்பு வரிசையாக வரும், பின் பிரேக் செத்துப்போகும். ஆகவே இதற்கென்று விற்கும் வகையைப் பார்த்து, ஒன்றை மட்டும் வையுங்கள். ஈரமான காலி இடத்தில், குறைந்த வேகத்தில், முன்சக்கரம் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னதாகப் பூட்டும் அளவுக்குத் திருகுங்கள். தொட்டியில் பாரம் ஏற்றிய பிறகும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் 100 மைல் ஓடியதும் எல்லா இணைப்பையும், சக்கர நட்டுகளையும், ஆயில் அளவையும் மறுபடி பாருங்கள்.